குவாட் பைக் இடுப்பை உடைக்கிறதா? ஷாக் வாங்கும் முன் காற்றைப் பாருங்கள்

கேள்வி: ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் எங்களுக்குச் சின்னக் காப்பித் தோட்டம் இருக்கிறது. உள்ளே சுற்றி வரவும் பொழுதுபோக்குக்குமாக 200 சிசி குவாட் பைக் (நான்கு சக்கர பைக்) ஒன்றைப் பழையதாக வாங்கினேன். அரை மணி நேரம் ஓட்டி இறங்கினால் இடுப்பு கழன்றுவிடுகிறது. சேலத்தில் ஒருவர் ஷாக் அப்சார்பர் நான்கையும் கேஸ் ஷாக்காக மாற்ற வேண்டும், 34,000 ரூபாய் ஆகும் என்கிறார். இன்னொருவர் ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று வெட்டினால் மெத்தென்று ஆகிவிடும், 800 ரூபாய் போதும் என்கிறார். ஐந்தாயிரத்துக்குள் வழி உண்டா? சில நேரம் தம்பியும் பின்னால் உட்காருவான். படம் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: வழி உண்டு. ஐந்தாயிரம்கூட ஆகாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் முதலில் நீங்கள் அனுப்பிய படத்தை நீங்களே ஒருமுறை பாருங்கள். உங்கள் வண்டியில் ஷாக் மொத்தம் மூன்றுதான். முன்னால் இரண்டு, பின்னால், பின் அச்சைத் தாங்கி ஏறி இறங்கும் ஸ்விங் ஆர்முக்கு நடுவில் ஒன்று. நான்கு ஷாக்குக்கு விலை சொன்னவர் உங்கள் வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அவரை விட்டுவிடுங்கள். 800 ரூபாய்க்காரர் இன்னும் மோசம், அவரிடம் பிறகு வருகிறேன்.

இந்த வண்டியில் குலுக்கலை முதலில் வாங்குவது ஷாக் இல்லை, டயர். பெரிய பலூன் டயர், கொஞ்சம் காற்று, அது அமுங்கிக் கல்லை விழுங்க வேண்டும் என்பதுதான் கணக்கு. பொதுவாக இவற்றுக்கு 4 முதல் 7 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரைதான் காற்று. நம் பஞ்சர் கடையில் என்ன நடக்கிறது? பைக்குக்கு வைக்கிற பழக்கத்தில் 25, 30 என்று ஏற்றிவிடுகிறார்கள். பெட்ரோல் பங்க் கேஜை நம்பியும் பயனில்லை. லாரிக்கும் காருக்கும் செய்த கேஜ் அது, 5 பிஎஸ்ஐ எல்லாம் அதன் கண்ணிலேயே படாது. என்னிடம் “ஷாக் போச்சு” என்று வருகிற வண்டிகளில் பெரும்பாலானவை காற்றை இறக்கியதும் பாதி சரியாகிவிடுகின்றன.

இதில் ஒரு பெரிய குழி இருக்கிறது. மட்கார்டின் உள்பக்கமோ ஸ்விங் ஆர்ம் அருகிலோ காற்று ஸ்டிக்கர் இருக்கும். பல வண்டிகளில் அதில் 30 என்று முதலில் போட்டிருக்கும். அது கிலோபாஸ்கல் என்ற வேறு அலகின் கணக்கு. நம் கணக்கில் 4.4 பிஎஸ்ஐ. கடைப் பையன் 30-ஐப் பார்த்ததும் முப்பதே ஏற்றிவிடுவான், ஏறக்குறைய ஏழு மடங்கு. டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட அதிகபட்சக் காற்று எண்ணும் பெரும்பாலும் ஓட்டுவதற்கானது இல்லை. டயரை ரிம்மில் உட்கார வைக்கும்போது அதற்கு மேல் ஏற்றாதே என்ற எச்சரிக்கை அது.

ஆகவே முதல் செலவு, 10 அல்லது 15 பிஎஸ்ஐ வரை மட்டும் காட்டுகிற ஒரு குறைந்த அழுத்த கேஜ். சில நூறு ரூபாய்தான். காற்று ஏற்ற சைக்கிள் பம்பே போதும். ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் 5-ல் தொடங்கி, கால் பிஎஸ்ஐ அரை பிஎஸ்ஐ என்று இறக்கிப் பாருங்கள். 4-க்குக் கீழே போக வேண்டாம். உங்கள் தோட்டத்துப் பாறையில் பக்கச் சரிவில் இறங்கும்போது டயர் ரிம்மை விட்டு வெளியே வந்துவிடும், இல்லையென்றால் ரிம் நெளியும். பின் சக்கரம் இரண்டுக்கும் காற்று ஒரே அளவில் இருக்க வேண்டும். அச்சு ஒன்றே என்பதால், ஒன்று கொஞ்சம் பருத்தாலும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

காற்றை மேலே வைத்தே அளவிடுங்கள், கீழே சேலத்தில் அல்ல. சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள், ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு, அதனால் டயருக்குள் அடைத்த காற்றைக் கேஜ் கூட்டிக் காட்டும். மேலே குளிர் என்பதால் அதில் கொஞ்சம் கழிந்துவிடும். இரண்டும் போக, கீழே 4 வைத்த டயர் மேலே 5-ஐத் தாண்டி நிற்கும். காருக்கு இது தூசி. 4 பிஎஸ்ஐ டயருக்கு கால் பங்குக்கும் மேல். காலையில் வண்டியை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது வைத்துவிடுங்கள்.

இதற்கு அடுத்தது புஷ், அதாவது சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் சட்டத்தோடு சேரும் மூட்டில் இருக்கும் குழல். சேர்வராயன் மலையில் பனியும் செம்மண் சேறும் சேர்ந்து ஆர்ம் புஷ்களைத் துருவில் பிடித்துவிடும். போதாக்குறைக்கு வண்டி கழுவுகிறேன் என்று பிரஷர் வாட்டரை நேராக அங்கே அடிப்பார்கள். ஷாக் நன்றாக இருந்தாலும் ஆர்ம் அசையாது, குலுக்கல் முழுவதும் சட்டத்துக்கு வரும். பார்க்கும் வழி சுலபம். சட்டத்துக்கு அடியில் நல்ல மரக்கட்டை கொடுத்துச் சக்கரத்தைத் தரையை விட்டுத் தூக்குங்கள். ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் தூக்கி விடுங்கள். தன் எடையில் தானாக இறங்க வேண்டும். தூக்கிய இடத்திலேயே நின்றால் அதுதான் உங்கள் இடுப்பு வலி. கிரீஸ் நிப்பிள் இருந்தால் பழைய செம்மண் கிரீஸ் வெளியே பிதுங்கிப் புதியது தெரியும்வரை அடியுங்கள். நிப்பிள் இல்லாவிட்டால் கழற்றி, உள்ளே இருக்கும் இரும்பு ஸ்லீவை உப்புத்தாளில் தேய்த்து, கிரீஸ் தடவிப் போடுங்கள். ஸ்லீவ் தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் கடைந்து தருவார்கள். இந்த வேலையை யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் இதில் கமிஷன் இல்லை.

மூன்றாவது, ஷாக்கின் ஒரு முனையில் படிப்படியாக வெட்டிய வளையம் இருக்கும், கொக்கி ஸ்பேனர் போட்டுத் திருப்புகிற வகை. முன் உரிமையாளர் அதை உச்சிப்படியில் வைத்திருக்கக்கூடும். அதைத் தாழ்ந்த படிக்குக் கொண்டுவாருங்கள், முன்னால் இரண்டு பக்கமும் ஒரே படி. இது ஸ்பிரிங்கின் கடினத்தை மாற்றாது, வண்டி நிற்கும் உயரத்தைத்தான் மாற்றும். ஆனாலும் நீங்கள் உட்கார்ந்ததும் ஷாக் கொஞ்சமாவது அமுங்கியிருந்தால்தான் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கி வர இடம் இருக்கும். அளவு இப்படி: சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து மட்கார்டு வரை டேப்பால் அளந்துகொள்ளுங்கள், பிறகு ஹெல்மெட்டோடு ஏறி உட்கார்ந்து ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். சக்கரம் ஏறி இறங்கும் மொத்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் சரி. மொத்தம் 15 சென்டிமீட்டர் என்றால் 5.

இப்போது ஒரு விதிவிலக்கு. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், உங்களுக்கும் இதுவாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன், தம்பி பின்னால் உட்காருவதாகச் சொன்னதால். ஷாக் கடினமாக இருந்தாலும் இடுப்பில் இடிக்கும், ஷாக் தேவைக்கு மேல் மென்மையாக இருந்தாலும் இடிக்கும். மென்மையாக இருந்தால் முழுக்க அமுங்கி, அடியில் இருக்கும் ரப்பரில் போய் மோதும். உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒரே வலிதான். ஆனால் மருந்து நேர் எதிர். மோதுகிற வண்டியை இன்னும் மென்மையாக்கினால் இன்னும் பலமாக மோதும். கண்டுபிடிக்க ஒயர் கட்டுகிற ஒரு ரூபாய் பிளாஸ்டிக் கேபிள் டை போதும். ஷாக்கின் பளபளக்கும் தண்டைத் துடைத்து, அதில் டையை நகரும் அளவுக்கு இறுக்கிக் கட்டி, ஷாக் உடம்பை ஒட்டித் தள்ளி வையுங்கள். வழக்கமான பாதையில் ஒரு சுற்று போய்வந்து பாருங்கள். டை நடுவிலேயே நின்றால் ஸ்பிரிங் உங்களுக்குக் கடினம். தண்டின் கடைசிக்குத் தள்ளப்பட்டு ரப்பரோடு ஒட்டிக் கிடந்தால் வண்டி மோதுகிறது. வளையத்தை ஒரு படி ஏற்றுங்கள், ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள். தனியாக ஒரு சுற்று, தம்பியோடு ஒரு சுற்று என்று பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். தனியாகப் போகும்போது கடைசிக்குச் சற்று முன்பே, இருவராகப் போகும்போது கடைசியில் என்று வந்தால் கோளாறு வண்டியில் இல்லை. உங்கள் படத்தில் இருப்பது ஒருவர் ஓட்டும் வண்டி. சீட் நீளமாக இருப்பது இரண்டு பேருக்காக இல்லை, ஓட்டுபவர் மேட்டில் முன்னும் இறக்கத்தில் பின்னும் நகர்ந்து உட்காருவதற்காக. ஆள் ஏற்றாதே என்று அந்த வண்டியிலேயே படம் போட்டு ஒட்டியிருப்பார்கள். தம்பியை இறக்கிவிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும், தனியாகப் போகும்போது டை நடுவைத் தாண்டாவிட்டால்தான் ஸ்பிரிங் பேச்சு. இப்போது 800 ரூபாய்க்காரரிடம் வருவோம். நீளமான மூங்கில் கழி வளையும், அதையே பாதியாக வெட்டினால் வளையாது. ஸ்பிரிங்கும் அப்படித்தான். பத்துச் சுற்று வேலை செய்கிற ஸ்பிரிங்கில் இரண்டை வெட்டினால் அது கால் பங்கு கூடுதல் கடினமாகும். வண்டி தாழ்ந்து நிற்பதால் மென்மையாகிவிட்டதுபோல் தோன்றும், அவ்வளவுதான். வெட்டிய முனை தட்டையாக உட்காராது, ஒரு பக்கம் சாய்ந்து தண்டைத் தேய்க்கும், ஆயில் சீல் போகும். கேஸ் வெல்டிங் தீயில் ஸ்பிரிங்கைச் சிவக்கக் காட்டி இறக்குகிறவர்களும் இருக்கிறார்கள். பதம் போன ஸ்பிரிங் என்றைக்கு எந்த வளைவில் முறியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சரியான வழி, அதே உயரம், அதே உள்விட்டம், அதே சுற்று, கம்பி மட்டும் கொஞ்சம் மெலிது. ஸ்பிரிங்கின் பலம் கம்பியின் பருமனை நான்கு தடவை பெருக்குகிற கணக்கில் போகும், அதனால் சின்ன மாற்றமே பெரிதாகத் தெரியும். 10 மில்லிமீட்டர் கம்பியை 9.5 ஆக்கினாலே ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக மென்மையாகும். 9 ஆக்கினால் மூன்றில் ஒரு பங்கு, உங்களுக்கு அது வேண்டாம். ஸ்பிரிங் சுற்றும் பட்டறையில் மாதிரியைக் கொடுத்தால் செய்வார்கள். ஸ்பிரிங் ஸ்டீலா, சுற்றிய பின் பதம் போட்டதா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். வெறும் இரும்புக் கம்பியைச் சுற்றி பெயின்ட் அடித்துக் கொடுத்தால் இரண்டே மாதத்தில் அமுங்கி உட்கார்ந்துவிடும்.

தங்க நிறக் குப்பி ஒட்டிய “கேஸ் ஷாக்” பற்றியும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு நிச்சயம் யாராவது வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார்கள். மலிவு வகைகளில் பலவற்றில் அந்தக் குப்பிக்கும் ஷாக்குக்கும் நடுவில் துளையே கிடையாது. வெறும் அலங்காரம். பைக் ஷாக்கைப் போட்டுவிடலாம் என்பவரிடம், கண்ணுக்குக் கண் நீளத்தை, அதாவது இரு முனை போல்ட் ஓட்டைகளுக்கு நடுவே உள்ள தூரத்தை, அளந்தீர்களா என்று கேளுங்கள். ஒரு சென்டிமீட்டர் மாறினாலும் ஆர்ம் போய் இடிக்கக் கூடாத இடத்தில் இடிக்கும். ஸ்பேசர் (இடைத்துண்டு) வைத்து வண்டியின் உயரத்தைத் தூக்கும் கிட் வண்டியை இன்னும் கடினமாக்கும், சரிவில் கவிழவும் வைக்கும்.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் வாங்குபவரின் அறியாமை மட்டும் இல்லை. கன்டெய்னரில் இறக்குகிறார்கள், கையேடு இல்லை, பாகங்களுக்கு எண் இல்லை, ஆறு மாதம் கழித்துப் போனால் விற்றவர் கடையே இல்லை. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இது பதிவுக்கு வராது என்பார்கள், நம்பர் இல்லாத வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது என்பார்கள். விற்பனை மட்டும் நிற்பதில்லை. காற்று எவ்வளவு என்று தமிழில் ஒரு வரி ஒட்டி விற்றால் என்ன குறைந்துவிடும்?

ஸ்பிரிங் வேலைக்கு வண்டியை மலையிலிருந்து ஓட்டிக்கொண்டு இறங்காதீர்கள். அது பொதுச் சாலைக்கான வண்டி இல்லை, இருபது கொண்டை ஊசி வளைவுக்கு அந்தப் பலூன் டயரும் சரிப்படாது. தோட்டத்திலேயே கட்டை கொடுத்து நிறுத்தி, ஷாக்குகளைக் கழற்றி இடது வலது எது என்று பெயின்டில் குறித்துச் சாக்கில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்தால் போதும். ஸ்பிரிங்கைத் தனியாக வீட்டில் பிரிக்க முயலாதீர்கள். அழுத்தத்தில் இருப்பது, பல்லைப் பெயர்த்துவிடும். பட்டறையில் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கருவி இருக்கும். அதோடு உங்கள் எடையையும், கேபிள் டை எங்கே நின்றது என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். அந்த இரண்டும் இல்லாமல் கம்பி எத்தனை மில்லிமீட்டர் என்று முடிவு செய்ய எந்த மெக்கானிக்காலும் முடியாது.