ஒரு இழை மட்டும் ஏன் துண்டு துண்டாக?

வணக்கம் ஐயா,

என் மகள் இங்கே பட்டர்வொர்த்தில் ஆறாம் படிவம் படிக்கிறாள். செல் பிரிவதற்கு முன் டிஎன்ஏ நகலாவதைப் பற்றிய பாடத்தில், ஒரு பக்கம் புது இழை தொடர்ச்சியாக உருவாகிறது, மறுபக்கம் துண்டு துண்டாக உருவாகி ஒட்டப்படுகிறது என்று இருக்கிறது. "எதிர்த்திசையில் ஓடுகிற இன்னொரு நொதி இருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே, ஏன் இல்லை?" என்று கேட்கிறாள். டியூஷனில் கேட்டதற்கு, சோதனைக்கு வராது, மனப்பாடம் செய் என்றார்களாம். நான் கணக்கு எழுதுகிறவள், எனக்கும் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்களேன்.

ஒரு தாய், பட்டர்வொர்த்

அன்புள்ள சகோதரிக்கு,

சோதனைக்கு வராதுதான். ஆனால் அந்தப் பாடத்தில் கேட்கவேண்டிய கேள்வியே இதுதான்.

டிஎன்ஏ என்பது, எழுத்துகள் என்று சொல்லப்படும் சிறு அலகுகளைக் கோத்த இரண்டு இழைகள். அவை தலைகால் மாறிக் கிடக்கின்றன. முறுக்குப் பிரிந்து அவை விலகும்போது, பாலிமரேஸ் என்ற நொதி பழைய இழையைப் பார்த்துப் புதிய இழையை எழுத்து எழுத்தாகக் கோக்கிறது. ஆனால் ஒரே திசையில்தான் கோக்கும். ஓர் இழையில் பிரிகிற திசையும் கோக்கிற திசையும் ஒத்துப்போவதால் அங்கே நிற்காமல் ஓடலாம். மற்றதில் இரண்டும் எதிரெதிர். அதனால் கொஞ்சம் பிரிந்ததும் பின்னோக்கி ஒரு துண்டு, இன்னும் பிரிந்ததும் முன்னால் வந்து மறுபடி ஒரு துண்டு. மனித செல்லில் ஒரு துண்டுக்கு 100, 200 எழுத்துதான். மொத்தம் 600 கோடி எழுத்து இணைகள் என்னும்போது, ஒவ்வொரு முறை செல் பிரியும்போதும் கோடிக்கணக்கான துண்டுகளை ஒட்டியாக வேண்டும்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த கணவன் மனைவி, ரெய்ஜி ஒகாசாகியும் சுனெகோ ஒகாசாகியும். வளரும் பாக்டீரியாவுக்குக் கதிரியக்கம் ஏற்றிய தைமிடின் என்ற டிஎன்ஏ மூலப்பொருளைச் சில நொடிகள் மட்டும் கொடுத்து, சட்டென்று நிறுத்திப் பார்த்தார்கள். அந்த நொடிகளில் பிறந்த டிஎன்ஏ குட்டை குட்டையாக இருந்தது. கொஞ்சம் நேரம் விட்டுப் பார்த்தால் அதே டிஎன்ஏ நீளமாகிவிட்டிருந்தது. 1968இல் வெளியிட்டார்கள். மகளின் புத்தகத்தில் ஒகாசாகி துண்டுகள் என்று இருக்கும், பாருங்கள். ரெய்ஜி சிறுவயதில் ஹிரோஷிமாவில் அணுகுண்டுக் கதிர்வீச்சுக்கு ஆளானவர். 1975இல் ரத்தப் புற்றுநோயில் இறந்தபோது வயது 44. அப்புறமும் சுனெகோ அந்த ஆய்வை விடவில்லை.

சரி, எதிர்த்திசை நொதி ஏன் இல்லை? புதிதாக வரும் ஒவ்வோர் எழுத்தும் மூன்று பாஸ்பேட்டுகளைச் சுமந்து வருகிறது. அதில் இரண்டு உடைந்து போகும்போது வெளிப்படும் ஆற்றலில்தான் அந்த எழுத்து இழையோடு ஒட்டுகிறது. ஃபெரிக்கு வரிசையில் நிற்பவர்கள் அவரவர் டிக்கெட் காசை அவரவர் கையில் வைத்திருப்பதுபோல என்று வையுங்கள். தப்பான ஆள் ஏறிவிட்டால் இறக்கிவிடலாம். அடுத்தவரிடம் அவருடைய காசு இருக்கிறது, வரிசை நகரும். பாலிமரேஸ் செய்வதும் இதுதான். தவறான எழுத்தைக் கோத்துவிட்டால் பின்வாங்கி, அதை வெட்டி எறிந்துவிட்டு, சரியான எழுத்தைக் கோக்கும்.

எதிர்த்திசையில் கோத்தால் நிலைமை மாறிவிடும். அங்கே மூன்று பாஸ்பேட்டும் வளர்கிற இழையின் நுனியில் இருக்கவேண்டும். அதாவது, அடுத்து ஏறப்போகிறவரின் காசு கடைசியாக ஏறியவரிடம் இருக்கிறது. அவர் தப்பான ஆள் என்று இறக்கிவிட்டால் காசும் அவரோடு போயிற்று. இழை அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஆகவே அந்தத் திசையில் எழுதலாம், எழுதியதைத் திருத்த முடியாது.

திருத்தாமல் விட்டால் என்ன? பாலிமரேஸ் எழுத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஏறக்குறைய லட்சத்தில் ஒன்று தப்பும். 600 கோடிக்குக் கணக்குப் போட்டால் ஒரு செல்லுக்கு 60,000 பிழை. கணக்கு எழுதுகிறவர் நீங்கள், தாங்குமா? உடனுக்குடன் வெட்டித் திருத்துவதால் அது கோடியில் ஒன்றாகிறது. பிறகு வருகிற இன்னொரு பழுதுபார்ப்புக் குழு நூறு கோடியில் ஒன்றுவரை இறக்குகிறது. இந்தத் துல்லியத்துக்காகத்தான் செல் ஒட்டு வேலையைத் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறது என்பதே உயிரியலாளர்கள் தரும் விளக்கம். எனக்கும் அது நல்ல பேரமாகவே தெரிகிறது.

மகள் விடாப்பிடிக்காரி என்று தெரிவதால் இதையும் சொல்லிவிடுகிறேன். எதிர்த்திசையில் எழுத்துச் சேர்க்கும் நொதி ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. ஈஸ்ட்டில், ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைச் சுமக்கும் ஆர்என்ஏவின் (டிஎன்ஏவின் நெருங்கிய உறவு) முன்நுனியில் ஒரே ஒரு ஜி எழுத்தைச் சேர்ப்பது அதன் வேலை. ஓர் எழுத்துக்கு அது போதும். கோடிக்கணக்கில் எழுத வேண்டிய இடத்துக்கு அதை யாரும் அழைக்கவில்லை.

இன்னொன்று. ஒவ்வொரு துண்டும் ஒரு சிறு ஆர்என்ஏ தொடக்கத்தின் மேல்தான் கட்டப்படுகிறது. பிறகு அதை நீக்கி, அந்த இடத்தை டிஎன்ஏவால் நிரப்பி, லிகேஸ் என்ற நொதி ஒட்டிவிடும். அப்படியானால் குரோமோசோமின் கடைக்கோடியில் இருக்கும் தொடக்கத்தை நீக்கிய பிறகு அந்த இடத்தை எது நிரப்பும்? இதை மகளிடம் கேட்டுப் பாருங்கள். 2009ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு இந்தக் கேள்வியோடு தொடர்புடையதுதான் என்று மட்டும் சொல்லுங்கள், மீதியை அவளே தேடிப் பிடித்துவிடுவாள்.