'த்ராட்டில்' என்றால் கழுத்தை நெரிப்பதா, வண்டியை முறுக்குவதா?

இரண்டும்தான். இந்த ஆங்கில வினையின் முதல் பொருள், குரல்வளையை நெரித்து மூச்சை அடைப்பது. தொண்டையைக் குறிக்கும் 'த்ரோட்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. நீராவி எஞ்சின் வந்த பிறகு, குழாயைக் குறுக்கி ஆவியை மட்டுப்படுத்தும் வால்வுக்கும் இதே பெயர் ஒட்டிக்கொண்டது. மேலூர்ப் பக்கம் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும்போது ஹோஸை மடக்கிப் பிடிப்பார்களே, அதே வேலை. டேட்டா தீர்ந்ததும் நெட் வேகத்தைக் குறைப்பதையும் இப்படித்தான் சொல்கிறார்கள்.

காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ள பைக்கில், த்ராட்டில் வேலை செய்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வலது கைப்பிடியை முறுக்கினால் கேபிள் இழுத்து, உள்ளே காற்றுப்பாதையை மறித்து நிற்கும் ஸ்லைடு என்ற அடைப்பான் மேலே ஏறும். காற்றுப்பாதை விரியும். ஸ்லைடில் தொங்கும் ஊசியும் கூடவே ஏறுவதால் பெட்ரோலும் கூடும். தூசு படிந்து ஸ்லைடு ஒட்டிக்கொண்டால், கைப்பிடியை விட்டாலும் எஞ்சின் சத்தம் இறங்காது. மதுரைப் புழுதியில் ஏர் ஃபில்டரைக் கவனிக்காத வண்டிகளுக்கு இது வரும்.

சோக்கும் இதுவும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கும் மூச்சுத் திணறல் என்றே பொருள் என்பதால் வரும் குழப்பம் இது. குளிர்ந்த எஞ்சின் கிளம்புவதற்காகப் பெட்ரோல் விகிதத்தைக் கூட்டுவது சோக். ஓடும்போது எஞ்சினுக்குப் போகும் கலவையின் அளவைக் கட்டுப்படுத்துவது த்ராட்டில்.