30-க்கு 27 வாங்கிய பிறகும் அப்பா தடுமாறுவது ஏன்? பார்க்கின்சனில் அறிவாற்றல் சோதனை

கேள்வி: அப்பாவுக்கு வயது 71. ஏழு ஆண்டுகளாகப் பார்க்கின்சன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது மின்கட்டணம் கட்டவே திணறுகிறார். மதிய மாத்திரையைப் போட்டோமா இல்லையா என்று குழம்புகிறார். இரவில் கட்டில் ஓரம் ஒரு சிறுவன் நிற்பதாகச் சொல்கிறார். ஆனால் ஞாபகச் சோதனையில் 30-க்கு 27 வந்தது. 'நன்றாகத்தான் இருக்கிறார், வயதுக் கோளாறு' என்றார்கள். எதை நம்புவது? வேறு என்ன சோதனை செய்ய வேண்டும்?

பதில்: வீட்டில் நீங்கள் பார்ப்பதை நம்புங்கள். அந்த 27 தப்பான எண்ணாக இருக்காது. ஆனால் குறை இருக்கும் இடத்தைச் சோதனை தேடாமலே விட்டிருக்கலாம்.

முதலில் சோதனைத் தாளின் நகலை வாங்குங்கள். அது பலரும் பயன்படுத்தும் எம்எம்எஸ்இ (MMSE) என்ற ஞாபகச் சோதனை என்றால், 30 மதிப்பெண்ணில் 10 'இன்று என்ன தேதி, இது எந்த ஊர்' போன்ற கேள்விகளுக்குப் போய்விடும். பொருளின் பெயர் சொல்வது, வாக்கியம் எழுதுவது என்று மொழிக்கு 8. படம் பார்த்து வரைவதற்கு ஒன்றே ஒன்று. ஒரு வேலையைத் திட்டமிட்டு வரிசையாகச் செய்ய முடிகிறதா என்பதற்குத் தனிக் கேள்வியே கிடையாது.

பார்க்கின்சனில் முதலில் ஆட்டம் காண்பது பெரும்பாலும் அதுதான். மூளையில் செய்தி கடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருள் குறையும்போது, மூளையின் முன்பகுதியையும் ஆழத்தில் இருக்கும் அடித்தளக் கருக்களையும் இணைக்கும் சுற்று மந்தமாகிறது. கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதும், படிப்படியாக ஒரு காரியத்தை முடிப்பதும் கடினமாகின்றன. அசெட்டைல்கோலின் என்ற இன்னொரு வேதிப்பொருளும் குறையத் தொடங்கினால் இடம், உருவம், தூரம் பற்றிய கணிப்பு தவறும், கவனம் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். மறதியின் தன்மையும் வேறு. சொல் உள்ளே இருக்கும், தேடி எடுக்க முடியாது. 'அது ஒரு பூ' என்று குறிப்புக் கொடுத்தால் வந்துவிடும். அல்சைமரில் பெரும்பாலும் குறிப்புக் கொடுத்தாலும் வராது.

அதனால் மோக்கா (MoCA) என்ற அறிவாற்றல் சோதனையைக் கேளுங்கள். தமிழிலும் இருக்கிறது, பத்து நிமிடம் போதும். எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைப்பது, கனசதுரம் வரைவது, கடிகாரம் வரைவது, 100-இலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது, ஒரு நிமிடத்தில் ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களை அடுக்குவது எல்லாம் இதில் உண்டு. கடிகாரம் நிறையச் சொல்லிவிடும். '11 மணி 10 நிமிடம்' காட்டச் சொன்னால் சிலர் பெரிய முள்ளை 2-இல் வைக்காமல் 10-இலேயே வைப்பார்கள். காதில் விழுந்த 'பத்து' கையை இழுத்துக்கொண்டு போகிறது. அந்த இழுப்பைத் தடுப்பது மூளையின் முன்பகுதியின் வேலை.

பார்க்கின்சன் உள்ளவர்களிடம் மோக்கா 26-க்குக் கீழே வந்தால் லேசான குறைவு இருக்கிறதா என்று தேட வேண்டும். 21-க்குக் கீழே என்றால் டிமென்ஷியா அளவுக்கு, அதாவது அன்றாடக் காரியங்களையே கெடுக்கும் அளவுக்கு, சரிவு இருக்கலாம். படிப்பு 12 ஆண்டோ அதற்குக் குறைவோ என்றால் ஒரு மதிப்பெண் கூட்டுவார்கள். அப்பாவைப் போல நாளெல்லாம் கணக்குப் பார்த்தவருக்கு 26 என்பதே இறக்கமாக இருக்கலாம் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். பள்ளிக்கே போகாத ஒருவருக்கு இதே சோதனையை வைத்து முடிவு கட்டுவது அநியாயம். அவர்களுக்கென்று எளிய மோக்கா வடிவம் தனியாக இருக்கிறது.

சோதனையை எப்போது செய்கிறோம் என்பதும் முக்கியம். டோபமின் குறைவை ஈடுசெய்யும் லெவோடோபா மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில், அதாவது பலருக்குப் போட்டு முக்கால் மணியிலிருந்து ஒன்றரை மணிக்குள், உட்கார வையுங்கள். கண்ணாடியும் காதுக் கருவியும் இருக்கட்டும். கை நடுங்கிக் கோடு வளைந்தால், குரல் கம்மினால், அதற்காக மதிப்பெண் குறைக்கக் கூடாது. காய்ச்சலின்போதும், அறுவை சிகிச்சை முடிந்த கையோடும், தூங்காத இரவுக்கு மறுநாளும் வேண்டாம்.

இவ்வளவும் சரியாக நடந்தாலும், குழப்பத்துக்கு நோயே காரணம் என்று முடிவெடுக்கும் முன் மாத்திரைப் பட்டியலைப் பார்க்க வேண்டும். முதல் சந்தேகம் நடுக்கத்துக்குக் கொடுக்கும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் மீது. பேசிடேன் என்ற பெயரில் பலர் ஆண்டுக்கணக்கில் போடுகிறார்கள். இது அசெட்டைல்கோலினைத் தடுக்கிறது. ஏற்கெனவே அது குறைந்துவரும் மூளைக்கு இது பெரிய சுமை, முதியவர்களுக்குத் தவிர்ப்பதே நல்லது. மனச்சோர்வுக்கான அமிட்ரிப்டிலின், சிறுநீர் அவசரத்துக்கான ஆக்ஸிபியூட்டினின் ஆகியவையும் அதே வகை. பார்க்கின்சனுக்கே கொடுக்கும் அமான்டடின், பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் ஆகியவை இல்லாத உருவங்களைக் காட்டக்கூடும். இவற்றில் எதையும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். லெவோடோபாவைச் சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மருத்துவர் ஒவ்வொன்றாக, படிப்படியாகக் குறைப்பார்.

அடுத்து ரத்த அழுத்தம். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒருமுறை, நின்ற பிறகு முதல் நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், நிற்கும்போதெல்லாம் மூளைக்கு ரத்தம் போதாமல் போகிறது என்று சந்தேகிக்கலாம். ரத்தத்தில் பி12, தைராய்டு, சோடியம், சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுபவருக்கு பி12 குறைய வாய்ப்பு அதிகம். மனச்சோர்வும் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கமும் கவனத்தைத் தின்றுவிடும். அண்மையில் விழுந்து தலையில் அடிபட்டிருந்தால் ஸ்கேன் அவசியம். குழப்பம் ஓரிரு நாளில் திடீரென்று வந்திருந்தால் இந்த வரிசையெல்லாம் வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சிறுநீர்த் தொற்றோ, உடலில் நீர் குறைந்ததோ காரணமாக இருக்கலாம்.

உங்கள் பங்கு இங்கேதான் பெரியது. டிமென்ஷியா என்று சொல்ல, அன்றாடக் காரியங்கள் சிந்தனைக் குறைவால் கெட்டிருக்க வேண்டும். கை வேகம் குறைந்ததால் கெட்டவை அதில் சேரா. இதைப் பிரித்துச் சொல்ல வீட்டாரால்தான் முடியும். பொத்தான் போட நேரமாவது விரல் பிரச்சினை, சட்டையின் ஒரே கைப்பகுதிக்குள் இரண்டு கையையும் நுழைக்கப் பார்ப்பது சிந்தனைப் பிரச்சினை. மாத்திரை அட்டையை உடைக்க முடியாதது வேறு, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று சொல்ல முடியாதது வேறு. இதற்கு ஒரு சின்னச் சோதனை உண்டு. நீங்கள் வாய் திறக்காமல், அப்பாவையே தன் மாத்திரைகளின் பெயர், அளவு, நேரம் சொல்லச் சொல்லுங்கள். தட்டுத் தடுமாறினால், 'யாரும் உதவாவிட்டால் தவறாமல் போட்டுக்கொள்வாரா?' என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்பது பதிலானால் அதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: மாத்திரை போட்ட நேரம், உடல் இறுகிய நேரம், தெளிவாக இருந்த நேரம், அந்தச் சிறுவன் வந்த நேரம். உருவம் தெரியும்போது அது நிஜமில்லை என்று அப்பாவுக்குப் புரிகிறதா என்பதையும் குறியுங்கள். புரிந்தால் பல நேரங்களில் இரவு விளக்கும் மருந்துக் குறைப்புமே போதும். மருந்து தேவைப்பட்டாலும், இல்லாத உருவங்களை அடக்கக் கொடுக்கும் ஹாலோபெரிடால் கூடாது, உடல் மரக்கட்டையாகிவிடும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும் வேண்டாம். அவசரப் பிரிவில் இந்த இரண்டு பெயரையும் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் பிறகு சந்தேகம் தீராவிட்டால் நரம்பு உளவியலாளரிடம் முழுச் சோதனை செய்யலாம். கவனம், திட்டமிடல், நினைவு, மொழி, இட உணர்வு ஆகிய ஐந்துக்கும் தலா இரண்டு சோதனையாவது வைப்பார்கள். களைப்பாகிவிடும், இரண்டு நாளாகப் பிரித்துக் கேளுங்கள். டிமென்ஷியா உறுதியானால் ரிவாஸ்டிக்மின் என்ற மருந்து ஓரளவு உதவும். குமட்டலும் கூடுதல் நடுக்கமும் வரலாம் என்பதால் சிறு அளவில் தொடங்குவார்கள்.

லேசான குறைவுதான் என்றால் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் மோக்காவை மாற்று வினாத்தாளோடு, மாத்திரை போட்ட அதே இடைவெளியில் மறுபடி செய்யுங்கள். ஒன்றிரண்டு மதிப்பெண் ஏறி இறங்குவதை வைத்துக் கலங்க வேண்டாம். ஆனால் அப்பா நேற்றுவரை தானே செய்த இன்னொரு வேலை கைவிட்டுப் போனால், அந்தத் தேதிவரை காத்திருக்காதீர்கள்.