உறையைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: தாத்தா சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை பார்த்தபோது தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பாட்டி எழுதிய கடிதங்கள், 1930களைச் சேர்ந்தவை, உறையோடு கிடைத்துள்ளன. சில உறைகளில் ‘ஆர்.எம்.எஸ்.’ முத்திரை இருக்கிறது. இந்த ரயில் தபாலின் வரலாற்றை இங்கிருந்தே தேட முடியுமா? – வாசகி, தோ பாயோ, சிங்கப்பூர்

பதில்: தாராளமாக முடியும். தயவுசெய்து தபால்தலைகளை மட்டும் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்துவிடாதீர்கள். முத்திரையில் பாதி உறையின் மேல்தான் இருக்கும்.

ஆர்.எம்.எஸ். என்பது ரயில்வே மெயில் சர்வீஸ். ஓடும் ரயிலிலேயே ஊழியர்கள் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துக் கட்டினார்கள். 1863இல் அலகாபாத்–கான்பூர் தடத்தில் தொடங்கிய வேலை இது. 1907இல் இந்தப் பெயர் வந்தது. உறையைத் திருப்பி, கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். ஓர் எழுத்தும் எண்ணும் தெரிந்தால் அது ரயில் தடத்தின் குறியீடு. ‘செட்’ எண் அந்தப் பயணத்தில் வேலை பார்த்த குழுவைக் குறிக்கும். ‘அவுட்’ என்றால் தலைமையிடத்திலிருந்து புறப்பட்ட ரயில், ‘இன்’ என்றால் திரும்பிய ரயில். எனக்கு இதில் அலுப்பே வந்ததில்லை: ஒரு ராத்திரி ரயில் பெட்டியில் யாரோ அந்தக் கடிதத்தைக் கையில் எடுத்திருக்கிறார்!

சரி, கடல் தாண்டிய பிறகு? சிங்கப்பூரின் பழைய நாளிதழ்கள் உள்ள நியூஸ்பேப்பர்எஸ்ஜி (NewspaperSG) இணையதளத்தில் முத்திரைத் தேதியை ஒட்டிய நாளிதழ்களைத் திறந்து, கப்பல் வருகை, தபால் பகுதிகளைப் பாருங்கள். நாகப்பட்டினத்துக் கப்பல்கள் பினாங்கைத் தொட்டுத்தான் இங்கே வரும். பினாங்கில் இறக்கி ரயிலில் சிங்கப்பூருக்கு அனுப்பிய தபாலும் உண்டு. அப்படி வந்திருந்தால் தேதி முக்கியம்: தஞ்சோங் பகார் நிலையம் திறந்தது 1932 மே 2. அதற்கு முன் ரயில் வந்து நின்றது, நம் முருகன் கோயில் இருக்கும் டேங்க் ரோட்டில்.

அப்புறம், விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் லீ கொங் சியான் மேற்கோள் நூலகம், கேனிங் ரைஸ் தேசிய ஆவணக்காப்பகம் இரண்டுக்கும் போய் வாருங்கள். உறைகளின் நகல்களை எடுத்துப் போனால் போதும்.

கடிதங்களையும் வரிவரியாகப் படியுங்கள். ‘தங்கள் கடிதம் தை 10ஆம் தேதி கிடைத்தது’ என்று பாட்டி எழுதியிருந்தால், அது தாத்தாவின் கடிதம் வீட்டு வாசலுக்கு வந்த நாள். இந்த உறைகளில் உள்ள எந்த முத்திரையும் அதைச் சொல்லாது. அந்த வருடப் பஞ்சாங்கத்தைப் பார்த்து ஆங்கிலத் தேதியாக்கிக் குறித்துக்கொள்ளுங்கள், தனித்தாளில், பென்சிலால்.