ஒரு கட்டம் மிஞ்சுகிறதே!

கேள்வி: குறுக்கெழுத்தில் 'செம்மஞ்சள் நிறப் பெரிய கனி', 4 எழுத்து. பூசணி என்று போட்டால் ஒரு கட்டம் மிஞ்சுகிறதே?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: பூசணியும் தாவரவியல்படி கனிதான், ஆனால் 3 எழுத்து. 4 எழுத்துக்கு ஒரே பழத்தின் இரண்டு பெயர்கள் பொருந்தும்: பப்பாளியா, பப்பாசியா? நான் ஒருமுறை பேனையால் அவசரப்பட்டுப் 'பப்பாளி' என்று எழுதி, கட்டத்தைச் சுரண்டிச் சுரண்டித் தாளையே ஓட்டையாக்கியவன். நெடுக்கைப் பாருங்கள்: கடைசிக் கட்டத்திலிருந்து இறங்கும் குறிப்பு 'முன்னேஸ்வரத்துக்கு அருகிலுள்ள நகரம்' என்றால் அது சிலாபம். ஆக, 'சி'. நம்மூர்ப் பப்பாசியேதான்! 'ப்'புக்கும் தனிக்கட்டம் உண்டு, மறக்க வேண்டாம். 6 எழுத்து கேட்டிருந்தால் செவ்விளநீரைப் போட்டிருப்பேன். காலிமுகத்திடல் வெயிலில் அதற்கு ஈடு ஏது?