பசுமைத் தொழில்நுட்பம் வந்தால் வேலை செய்பவர்களுக்கு நிஜமாகவே மகிழ்ச்சி கூடுமா, இல்லை நிறுவனத்துக்கு விளம்பரம் மட்டும்தானா?

கூடும். ஆனால் அதன் பலன் வேலை செய்பவரின் உடம்புக்குத் தெரியவேண்டும். மொட்டைமாடியில் சோலார் போட்டால் கரண்ட் பில் குறையும், நல்லதுதான். மூன்றாவது மாடியில் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு அதனால் என்ன மாறும்?

கட்டடங்களுக்கு ஏசி வடிவமைப்பது என் தொழில். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் சொல்வது ஹைதராபாத் கதையைத்தான். அங்கே இன்ஃபோசிஸ் தன் போச்சாரம் வளாகத்தில் ஒரு கட்டடத்தைச் சரிபாதியாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு, குளிர்காற்றை மேலிருந்து ஊதும் வழக்கமான டக்ட் ஏசி. மறுபாதியில் தலைக்கு மேலுள்ள கான்கிரீட் தளத்துக்குள் குழாய்களைப் புதைத்துக் குளிர்ந்த நீரை ஓடவிட்டார்கள். தளம் குளிர்ந்து, கீழே இருப்பவர்களின் உடல் சூட்டை இழுத்துக்கொள்ளும். மூச்சுவிடத் தேவையான வெளிக்காற்றை ஈரம் நீக்கி உள்ளே அனுப்பினால் போதும். குளிர்விப்பதற்காகக் காற்றை வாரி அடிக்க வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுகள் அளந்து பார்த்ததில், குழாய்ப் பாதிக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் குறைவாகவே செலவானது. உட்கார்ந்து வேலை பார்த்தவர்களைக் கேட்டபோது, வெப்பநிலை திருப்தியாக இருக்கிறது என்றவர்களும் அந்தப் பாதியில்தான் அதிகம்.

டக்ட் ஏசி அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இதன் காரணம் சொல்லாமலே புரியும். காற்று இறங்கும் இடத்துக்கு நேர் கீழே இருப்பவர் ஸ்வெட்டர் போட்டிருப்பார். அதே நேரத்தில் மேற்கு ஜன்னலோரத்தில் ஒருவர் ஃபைலால் விசிறிக்கொண்டிருப்பார்.

தொழிற்சாலைக்கும் இது பொருந்தும். பெங்களூரைச் சுற்றியுள்ள ஆயத்த ஆடை ஆலைகளில் பழைய குழல் விளக்குகளை எடுத்துவிட்டு எல்இடி போட்டதை அச்யுதா அத்வர்யு, நம்ரதா கலா, அனந்த் நைஷதம் ஆகிய பொருளாதார ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். எல்இடி அவ்வளவாகச் சூட்டைக் கக்காது. அதனால் வெயில் நாட்களில் உற்பத்தி விழுவது பெருமளவு குறைந்தது. அந்த லாபம் மின்சாரத்தில் மிச்சமானதைவிட அதிகம். அவர்கள் அளந்தது மகிழ்ச்சியை அல்ல, உற்பத்தியைத்தான். ஆனாலும் நாள் முழுக்க மிஷினில் குனிந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு அந்தச் சூடு தணிவது எவ்வளவு பெரிய விஷயம்!

எல்லாப் பசுமையும் இப்படி அமைவதில்லை. நான் வேலைக்காகப் போன ஓர் அலுவலகத்தில் ஆள் அசையாவிட்டால் விளக்கு அணைந்துவிடும். கணக்குப் பிரிவில் அசையாமல் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள், கையை ஆட்டி ஆட்டி விளக்கை எரியவைத்தார்கள். சென்சாரின் நேரத்தைக் கொஞ்சம் நீட்டி, பக்கத்தில் ஒரு சுவிட்ச் வைத்திருந்தால் தீர்ந்திருக்கும். அவர்களை யாரும் கேட்கவே இல்லை என்பதுதான் எனக்குக் கோபம்.

உங்கள் அலுவலகத்தில் எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், ஃபேனில் தொடங்கச் சொல்வேன். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை மோட்டார் கொண்ட பிஎல்டிசி ஃபேனுக்குச் சுமார் 30 வாட் போதும். ஏசியை 26-ல் வைத்துவிட்டு, ஃபேன் ரிமோட்டை அதன் கீழே உட்காருபவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.