ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: ஒரகடத்தில் கார் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் 11 வருடம் 7 மாதமாக பெர்மனென்ட் ஆபரேட்டராக இருக்கிறேன். மொத்தம் 180 தொழிலாளர்கள். ஆர்டர் குறைந்துவிட்டதால் ஆட்குறைப்பு. நானாக ராஜினாமா எழுதிக் கொடுத்தால் கிராஜுவிட்டியையும் சேர்த்து ஒரு லட்ச ரூபாய் தருவதாக ஹெச்.ஆர். சொல்கிறார். அடிப்படைச் சம்பளமும் டி.ஏ.வும் சேர்ந்து ரூ.13,000. 2021-ல் சேர்ந்தவர்கள் அதே லைனில் தொடர்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் கணக்கைப் பாருங்கள்.

ஆறு மாதத்துக்கு மேல் ஆன மிச்சமும் முழு வருடம்தான். ஆக உங்களுக்கு 12 வருடம். கிராஜுவிட்டி: 13,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 12-ஆலும் பெருக்கினால் ரூ.90,000. இது ராஜினாமா செய்தாலும் உங்களுக்குச் சேரவேண்டிய பணம். அப்படியென்றால் வேலையை விட்டுக்கொடுக்க அவர்கள் உண்மையில் தருவது வெறும் பத்தாயிரம்!

கம்பெனியே ஆட்குறைப்பு செய்தால் கதை வேறு. வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் ரூ.78,000 இழப்பீடு. ஒரு மாத நோட்டீஸ், இல்லாவிட்டால் அதற்கான சம்பளம் ரூ.13,000. வேலை இழந்தவர் புதிய திறன் கற்க உதவும் மறுதிறன் நிதியிலிருந்து 15 நாள் சம்பளமான ரூ.6,500, 45 நாளுக்குள் உங்கள் கணக்கில் வரவேண்டும். கிராஜுவிட்டியோடு கூட்டினால் ரூ.1,87,500. பி.எஃப். தனி.

பழைய சட்டப்படி 100 பேர் இருந்தாலே ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டியிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 300 ஆக்கிவிட்டது; 180 பேர் உள்ள உங்கள் கம்பெனிக்கு அனுமதி தேவையில்லை. உங்களைப் போன்ற நடுத்தர ஆலைத் தொழிலாளர்களுக்கு இது பெரிய இழப்பு என்பது என் கருத்து.

ஆனால் ‘கடைசியில் வந்தவர் முதலில் போகவேண்டும்’ என்ற விதி அப்படியே இருக்கிறது. ஒரே பிரிவில் ஜூனியரை வைத்துக்கொண்டு சீனியரை அனுப்பினால் காரணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். உங்கள் கையில் இருக்கும் பிடி இதுதான். சீனியாரிட்டி பட்டியலை எழுத்தில் கேளுங்கள். கடித நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வருடத்துக்குள் மீண்டும் ஆள் எடுத்தால் உங்களுக்கே முன்னுரிமை.

ராஜினாமா எழுதிவிட்டால் இவற்றில் கிராஜுவிட்டி தவிர எதையும் கேட்க முடியாது. மிரட்டினால் யூனியன் மூலமாகவோ நேராகவோ தொழிலாளர் துறை சமரச அலுவலரிடம் மனு கொடுங்கள். சம்பளச் சீட்டுகளையும் நியமனக் கடிதத்தையும் இன்றே வீட்டுக்குக் கொண்டுபோய் வையுங்கள். கேட் பாஸ் முடக்கப்பட்ட பிறகு லாக்கரைத் திறக்க விடமாட்டார்கள்.